சுருட்டு: சொல்லும் பொருளும்

கொல்லிமலை என்றவுடன் வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையுமே சங்கநூல் பயின்றார் உள்ளத்தில் முன்வந்து நிற்பர். அம்மலையின்மேல் மக்கள் வாழும் பகுதிகள் இன்றும் ‘நாடு’ என்னும் பெயராலேயே வழங்கப்பெறுகின்றன. அவற்றுள் ஒன்று குண்டனி நாடு. வழக்குச் சொற்களைத் திரட்டும் பொருட்டு யான் அங்குச் சென்றிருந்த ஒரு மாலைப்பொழுதில், முதியவர் ஒருவர் பாதி புகைத்த சுருட்டை அணைத்துக் காதின்மேல் செருகிக்கொண்டு பேசத் தொடங்கினார். தினை, சாமை, மிளகு எனப் பேச்சு நீண்டது. “பெரியவரே, உங்கள் பாட்டன் காலத்திலும் இச்சுருட்டு உண்டா?” என வினவினேன். “பாட்டன் காலம் என்னங்க வாத்தியாரய்யா, சாமி மலைக்கு வந்த நாளா இருக்குதுங்க. கருப்பனுக்குச் சுருட்டு வைக்காம எப்படிங்க?” என்றார்.

வரலாற்று முறையில் நோக்கின் அவர் விடை பிழையே. ஆயினும் அப்பிழை மிகப் பயனுடையது. அயல்நாட்டிலிருந்து வந்த ஒரு பொருள், வந்த சுவடே தோன்றாதவாறு ஒரு மக்களின் வாழ்வில் கலந்துவிட்டமைக்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492-ஆம் ஆண்டில் கொலம்பசின் ஆட்கள் கியூபாத் தீவில் இலைச்சுருளைக் கொளுத்திப் புகை உறிஞ்சுவாரைக் கண்டு வியந்தனர். பின்னர்ப் போர்ச்சுகீசியர் வாயிலாக அவ்விலை நம் கடற்கரையை அடைந்தது. 1604-ஆம் ஆண்டளவில் அசத் பேக் என்பார் பீசப்பூரிலிருந்து அதனைக் கொண்டுசென்று அக்பருக்குக் காட்டினார். 1617-இல் சகாங்கீர் அதற்குத் தடை விதித்தார். ஆகவே, கருப்பசாமிக்கும் முனியனுக்கும் சுருட்டுப் படைக்கும் வழக்கம், வாசுகோட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கிய 1498-க்கு முற்பட்டதாதல் எவ்வாற்றானும் இயலாது. அதுபற்றி அவ்வழக்கத்தைப் போலியெனத் தள்ளுவார் உளர். அது பொருந்தாது. தாம் நுகர்வதையே தம் தெய்வத்துக்கும் படைத்தல் மாந்தர் இயல்பு. தோட்டத் தொழிலுக்காகக் கடல் கடந்த தமிழர், மலேசியாவிலும் முனீசுவரர்க்குச் சுருட்டுப் படைக்கும் வழக்கத்தை விட்டாரல்லர். புலவரும் இவ்விலையைப் புறக்கணிக்கவில்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடத்துத் தூது விடுப்பதற்குப் புகையிலையையே தேர்ந்தார். அத்தூது நூலை 1939-இல் பதிப்பித்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

பொருள் அயலதாயினும் பெயர் அயலதன்று. ஐரோப்பிய மொழிகளும் வடஇந்திய மொழிகள் பலவும் ‘தபாக்கோ’, ‘தம்பாக்கு’ என வந்த பெயரையே ஏற்றன. தமிழோ ‘புகையிலை’ எனத் தானே ஒரு பெயர் படைத்துக்கொண்டது. மலையாளத்தில் ‘புகயில’, தெலுங்கில் ‘பொகாகு’, கன்னடத்தில் ‘ஹொகெசொப்பு’ என்பனவும் புகையும் இலையும் சேர்ந்த தொடர்களே. சுருட்டு என்பதும் அத்தகையது. உருள் என்பது உருட்டு என்றும், திரள் என்பது திரட்டு என்றும், மருள் என்பது மருட்டு என்றும் பிறவினையாதல் போலச் சுருள் என்பது சுருட்டு என்றாகும். அவ்வினைமுதனிலை தொழிற்பெயராய் நின்று, பின் அத்தொழிலால் உண்டான பொருளுக்கு ஆகுபெயராயிற்று.

இங்கு ஒரு தடை எழலாம். வங்கக் கடற்கரை நாடுகளில் 1669 முதல் 1679 வரை உலவிய தாமசு பௌரி என்னும் ஆங்கில வணிகர், இந்நாட்டு எளிய மக்கள் இலையைச் சுருட்டி ஒருமுனையில் கொளுத்தி மறுமுனையை இதழிடை வைத்துப் புகைத்தலைக் குறிக்கின்றார். அதனைப் ‘பங்கோ’ என்பர் என்றும், போர்ச்சுகீசியர் ‘செரூட்டா’ என்பர் என்றும் எழுதியுள்ளார். இதுகொண்டு சொல் போர்ச்சுகீசியருடையது எனக் கூறுதல் கூடுமோ எனின், கூடாது. போர்ச்சுகீசிய மொழியில் ‘சருத்தோ’ என்பது இனமின்றித் தனித்து நிற்பது. தமிழிலோ சுருள், சுருட்டை, சுருக்கு எனப் பெருங்குடும்பம் உடையது. 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் யூலும் பர்னலும் இது தமிழ்ச் சொல்லே என முடிவு கட்டினர். பங்கோ என்பதனை அவர்கள் பொதிதலைக் குறிக்கும் ‘புங்குஸ்’ என்னும் மலாய்ச் சொல்லின் திரிபெனக் கருதினர். பொதிந்தது என்ற பெயர் வழக்கிழந்தது. சுருட்டியது என்ற பெயரே ‘செரூட்’ என உலகெங்கும் சென்றது. சிங்களத்திலும் அது ‘சுருட்டு’ என்றே வழங்குகின்றது.

பெயருடன் வடிவும் சென்றது. கியூபச் சுருட்டின் ஒருமுனை மூடியிருக்கும். புகைப்போன் அதனை வெட்டித் திறத்தல் வேண்டும். நம் சுருட்டு இருமுனையும் வெட்டப்பெற்றது, வாங்கியவுடன் கொளுத்தலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளியின் பகுதியாகிய உறையூரும், திண்டுக்கல்லும் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றன. சோழர் தலைநகராய் விளங்கிய உறையூர்க்கு இப்படியும் ஒரு புகழ்! ‘திரிச்சினாப்பொலி’ என்ற ஊர்ப்பெயரே ஆங்கிலேயர்க்குச் சுருட்டின் பெயராயிற்று. 1887-இல் கானன் டாயில் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்சு கதையில், கொலையாளி புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டென்பதைத் துப்பறிவோன் தரையிற் கிடந்த சாம்பலாலேயே தெரிந்துகொள்கின்றான். 1890-இல் வந்த அடுத்த கதையில் ‘லுங்கா’ என்பதும் இடம்பெறுகின்றது. அது கோதாவரி ஆற்றிடைத் திட்டுகளாகிய ‘லங்கை’களில் விளைந்த புகையிலை. சர்ச்சில் பெருமகனார் திருச்சிச் சுருட்டை விரும்பினார் என்னும் செய்தியும் பரவலாக வழங்குகின்றது. புகைத்தவர் பெயரை இத்துணைக் கருத்தாய்ப் போற்றுவோர், அதனைச் சுற்றியவர் ஒருவர் பெயரையேனும் கூறக் கேட்டிலேன்.

இனிச் சுருட்டைச் சேமிக்கும் முறை பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். அன்றன்று வாங்கி அன்றன்று தீர்ப்பவர்க்குப் பேழை எற்றுக்கு? காதே போதும். தொலைவும் வாணிகமும் பெருகியபோதே காப்பும் ஒரு கலையாயிற்று. காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 65 முதல் 70 வரையும், வெப்பம் 18 முதல் 21 பாகை வரையும் இருத்தல் நன்று என்பர் இக்காலச் சுவைஞர். ஈரம் மிகின் பூசணம் பூக்கும். குறையின் மேலிலை வெடிக்கும். வெப்பம் மிகின் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிந்து, சுருட்டெங்கும் துளைபடும். ஈரமானி சரியாகக் காட்டுகின்றதா என அறிய அவர்கள் கையாளும் முறை நம் அடுக்களைக்கே உரியது. சிறிது கறியுப்பை நீரிற் குழைத்து, மானியோடு மூடிய கலத்தில் ஓரிரு நாள் வைத்தால், அது 75 காட்டுதல் வேண்டும். பேழைக்கு உகந்த மரத்தை ஆங்கிலத்தில் ‘ஸ்பானிய சிடார்’ என்பர். இதனைத் ‘தேவதாரு’ எனத் தமிழாக்குதல் பெரும்பிழை. அது ஊசியிலை மரமன்று. நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்கணக்கின்படி திருச்சிராப்பள்ளியின் கோடை சுருட்டுக்குப் பகை. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த கொல்லிமலையின் தட்பம் அதற்கு ஓரளவு நட்பு; ஆனால் மழைக்கால ஈரம் அங்கும் பூசணத்தை வளர்க்கும். புகையை உள்ளிழாமல் வாயளவில் சுவைத்தால் தீங்கில்லை எனச் சுவைஞர் சிலர் கூறுவது மெய்யன்று. சுருட்டும் வாய், தொண்டை, உணவுக்குழல் ஆகியவற்றில் புற்றுநோய் விளைப்பதே என்பது மருத்துவர் கண்ட முடிபு.

சிகரெட்டும் பீடியும் பெருகப் பெருகச் சுருட்டுத் தொழில் நலிந்தது. திண்டுக்கல்லை அடுத்த வேடசந்தூரில் 1948-இல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. இலையை வளர்க்கும் முறை அங்கு ஆராயப்பெற்றது. இலையைச் சுற்றும் கையின் திறன் மட்டும் எழுத்தில் ஏறாமலே நின்றது. எத்துணை அழுத்தம் கொடுத்தால் காற்று தடையின்றி ஓடும், உள்ளிலையை எவ்வாறு மடித்தால் நெருப்பு ஒருபுறம் சாயாது எரியும் என்பன செய்வோர் விரல்களே அறிந்தவை. அவற்றுக்குரிய சொற்களைத் தொழிற்கூடங்களில் கேட்டு எழுதிவைக்கும் காலம் பெரிதும் கடந்துவிட்டது. ஆங்கிலக் கதைகளை மொழிபெயர்ப்போர் ‘செரூட்’ என்றே எழுதியிருக்கவும் கண்டிருக்கின்றேன்!

குண்டனி நாட்டு முதியவர் விடை கொடுக்கும்போது காதில் இருந்ததை எடுத்துப் பற்றவைத்தார். “கடையில கேட்டா எப்பவாச்சும்தாங்க கிடைக்குது. இப்ப இதச் சுத்துற ஆளே இல்லீங்களாம்” என்றார். ‘சுருட்டுற ஆள்’ என்று அவர் கூறவில்லை. உருட்டு, திரட்டு என்பன போல வினையாய்ப் பிறந்த அச்சொல், புகைப்பொருளைப் பற்றிய பேச்சில் முழுதும் பெயராகி, தன் வினையைச் ‘சுற்று’ என்பதற்கு விட்டுக்கொடுத்துவிட்டது. அவர் கூற்றை அப்படியே என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.