பன்னிரண்டு குண்டுகள், பதினோரு துளைகள்

ஆவடியில் என் அண்ணன் வீட்டு மாடியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் காலை. எங்கிருந்தோ 'டப், டப்' என்று விட்டுவிட்டுச் சத்தம் வந்தது. யார் வீட்டிலோ கல்யாணம், பட்டாசு வெடிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"பட்டாசு இல்லை. வீராபுரம் பக்கம் போலீஸ் படையினர் சுட்டுப் பழகுகிறார்கள். காற்று இந்தப் பக்கம் வீசினால் கேட்கும்" என்றார் அண்ணன்.

ஆவடிக்கு இதெல்லாம் புதிதல்ல. இரண்டாம் உலக யுத்த காலத்திலேயே இது பட்டாளத்து ஊராகிவிட்டது. 1955-ல் இங்கே கூடிய காங்கிரஸ் மகாசபை சோஷலிஸப் பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. பத்து வருஷம் கழித்து இதே ஊரிலிருந்து 'விஜயந்தா' டாங்கி வெளியே வந்தது. ஆகையால் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு இந்த ஊர்க் காக்கைகள்கூடப் பறப்பதில்லை.

ஆனால் காப்பி டம்ளரை வைக்க உள்ளே போனபோது நான் கண்ட காட்சிதான் என்னைத் திடுக்கிட வைத்தது. அண்ணன் மகள், கல்லூரியில் படிக்கிற பெண், ஒரு கையைப் பாவாடைப் பையில் செருகிக்கொண்டு, மறு கையில் கைத்துப்பாக்கியை நீட்டியபடி சுவரைப் பார்த்து நின்றாள்.

"என்னம்மா, யாரைச் சுட இந்த ஏற்பாடு?" என்று கேட்டேன்.

"யாரையும் இல்லை, சித்தப்பா. அந்தப் புள்ளியைத்தான். குண்டு போடவில்லை, பயப்படாதீர்கள். வெறும் பயிற்சி."

போட்டி நெருங்குகிறதாம். கிளப்பில் கொடுத்த பழைய துப்பாக்கி ஒன்று. சிநேகிதியிடமிருந்து பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கி வந்த புதியது ஒன்று. இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதியதில் விசை மெதுவாக இறங்குகிறதாம். ஆனால் மரக் கைப்பிடி அவள் உள்ளங்கைக்குப் பெரிதாம். "செருப்பு மாதிரிதான், சித்தப்பா. மற்றவர்களுக்கு நல்லதாக இருந்தால் நமக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்பதில்லை" என்றாள்.

அழுத்திய காற்றினால் இயங்கும் துப்பாக்கி அது. அவள் சொன்ன விதிகளைக் கேட்டால் இது வீரவிளையாட்டா, தவமா என்று சந்தேகம் வருகிறது. இலக்கு பத்து மீட்டர் தூரத்தில் இருக்கும். 75 நிமிஷத்தில் 60 முறை சுட வேண்டும். ஒரு கையால்தான் பிடிக்கலாம். எதன்மீதும் சாய்த்துக்கொள்ளக் கூடாது. துப்பாக்கியின் எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது. நடுவிலுள்ள பத்து மதிப்பெண் வட்டத்தின் அகலம் பதினொன்றரை மில்லிமீட்டர், அதாவது நம் ஒரு ரூபாய் நாணயத்தில் ஏறக்குறையப் பாதி. மூச்சை எப்போது விடுவது, எப்போது நிறுத்துவது என்பதற்கெல்லாம் முறை உண்டு. சுட்ட பிறகும் கையை உடனே இறக்காமல் ஒரு கணம் அப்படியே நிற்க வேண்டுமாம்.

அவள் நிற்கிற நிலையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, நூறு ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி கையை நீட்டி நின்ற சிலருடைய ஞாபகம் வந்தது. அவர்களில் ஒருவர் தமிழர். அதுவும் தமிழ்க் கதை எழுதுகிறவர்கள் அனைவரும் வணங்க வேண்டிய தமிழர்.

லண்டன் மாநகரில் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு என்று ஒரு வீதி. அதில் 92-ஆம் எண்ணுள்ள கட்டடத்தில் இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கேளிக்கைக் கூடம் இருந்தது. 'ஃபேரிலேண்ட்' என்று பெயர். தேவதைகளின் நாடு என்று பொருள். காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் இலக்கைப் பார்த்துச் சுடலாம். நம் ஊர்ப் பொருட்காட்சியில் பலூன் சுடுவது போலத்தான். ஹென்றி மார்லி என்பவர் அதை நடத்தினார்.

1909-ஆம் ஆண்டில் மூன்று மாத காலமாக அங்கே ஓர் இந்திய வாலிபன் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வந்துகொண்டிருந்தான். கூடத்துத் துப்பாக்கி அவனுக்கு வேண்டாம். சொந்தமாக ஒரு கோல்ட் தானியங்கித் துப்பாக்கி வைத்திருந்தான். அந்த வருஷம் ஜனவரியில் ஹோபர்ன் பகுதியிலுள்ள கேமேஜ் கடையில் 3 பவுன் 5 ஷில்லிங் கொடுத்து வாங்கியது. ஒவ்வொரு தடவையும் சுமார் பன்னிரண்டு குண்டுகள் சுடுவான், போய்விடுவான். ஜூலை 1-ஆம் தேதி மாலை ஐந்தரை மணிக்கும் வந்தான். பதினெட்டடி தூரத்தில் இருந்த காகிதத்தின்மீது பன்னிரண்டு குண்டுகள் சுட்டான். பதினொன்று இலக்கில் பட்டன.

அன்றிரவே, சவுத் கென்ஸிங்டனில் இந்திய தேசியச் சங்கம் என்ற அமைப்பு நடத்திய விருந்தின் முடிவில், இந்தியா மந்திரி அலுவலகத்தைச் சேர்ந்த ஸர் வில்லியம் கர்ஸன் வைலியை அவன் சுட்டுக் கொன்றான். அவன்தான் மதன்லால் திங்ரா. மார்லி பின்னர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். துளை விழுந்த அந்தக் காகிதமும் சாட்சியாக வந்தது. ஆகஸ்ட் 17-ஆம் தேதி பெண்டன்வில் சிறையில் திங்ரா தூக்கிலிடப்பட்டான்.

ஹைகேட் பகுதியில் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905-ல் ஏற்படுத்திய 'இந்தியா ஹவுஸ்' விடுதியைச் சேர்ந்த இளைஞர்கள் அந்நாளில் லண்டனில் துப்பாக்கி சுடப் பழகியதாகப் பின்னாளில் ரௌலட் கமிட்டியின் அறிக்கையும் கூறியது. அந்த இளைஞர் கூட்டத்தில் சாவர்க்கருக்கு நெருக்கமாக இருந்தவர், திருச்சி வரகனேரியிலிருந்து பாரிஸ்டர் படிப்புக்குச் சென்ற வ. வே. சு. ஐயர்.

இந்த இடத்தில் ஒரு விசித்திரத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். லிட்டன் பிரபு காலத்தில், 1878-ல், இந்தியாவில் ஆயுதச் சட்டம் வந்தது. அதன்படி இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். வெள்ளைக்காரருக்கு விலக்கு உண்டு. ஆனால் லண்டனில் அப்போது தபாலாபீசுக்குப் போய்ப் பத்து ஷில்லிங் கட்டினால் லைசென்ஸ் கிடைக்கும். அதைக் காட்டினால் கடைக்காரன் கைத்துப்பாக்கியைத் தாளில் சுற்றிக் கொடுத்துவிடுவான். திருச்சியில் தொடக்கூடாத பொருளை வரகனேரி வக்கீல் லண்டனில் பொழுதுபோக்காகப் பழகலாம்! எந்த அரசாங்கம் தன் பிரஜையின் கையை ஓரிடத்தில் கட்டிப்போட்டதோ, அதே அரசாங்கம் தன் தலைநகரில் அந்தக் கையை அவிழ்த்துவிட்டு வாடகைக்கு இலக்கும் கொடுத்தது.

அந்தக் கூடத்துக்குக் கதவில்லை என்றே சொல்ல வேண்டும். 1909 செப்டம்பரில், ஓட்டுரிமை கேட்டுப் போராடிய பெண்கள் இருவர் அங்கே பிரௌனிங் துப்பாக்கியில் பழகுவதாகப் போலீசுக்குத் துப்பு வந்தது. பிரதம மந்திரி ஆஸ்குவித்தின் உயிருக்கு ஆபத்து என்று அதிகாரிகள் கவலைப்பட்டுக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்தக் காகிதக் கட்டு 2006-ல்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது.

பிரௌனிங் என்பது அக்காலத்தில் புதுமோஸ்தர்ச் சாமான். அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் பிறந்த ஜான் பிரௌனிங் கண்டுபிடித்தார். பெல்ஜியத்தில் ஹெர்ஸ்டால் என்ற ஊர்த் தொழிற்சாலை செய்து விற்றது. உருளை சுழலும் பழைய ரிவால்வர் சட்டைப் பைக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். இது தட்டையானது, பைக்குள் அடங்கிவிடும். குண்டுகள் கைப்பிடிக்குள் வரிசையாக இருந்து, ஒன்று போனதும் மற்றொன்று தானாக மேலே வரும். இப்படிப்பட்ட இருபது பிரௌனிங்குகளை சாவர்க்கர் 1909-ல் சதுர்புஜ் அமீன் என்பவரிடம் கொடுத்து, பெட்டியின் போலி அடித்தட்டில் ஒளித்து, பம்பாய்க்கு அனுப்பினார். அவற்றில் ஒன்று அந்த டிசம்பர் 21-ல் நாசிக் கலெக்டர் ஜாக்ஸனின் உயிரைக் குடித்தது.

1910 மார்ச்சில் சாவர்க்கர் லண்டனில் கைதானார். ஐயர் பாரிஸுக்குப் போய், வேஷம் மாறி, பல தேசங்களைச் சுற்றிக்கொண்டு அவ்வாண்டு இறுதியில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். வழியில் பெட்டிமீதிருந்த எழுத்துகளைப் பார்த்துச் சந்தேகப்பட்ட ஒற்றனிடம், 'விக்ரம் சிங்' என்று பெயர் சொல்லித் தப்பினாராம். பாரதியாரும் அரவிந்தரும் ஏற்கெனவே அங்கே தஞ்சம் புகுந்திருந்தார்கள். பிரெஞ்சுக் கொடியின் நிழலில் பிரிட்டிஷ் போலீஸ் கை வைக்க முடியாது.

1911 ஜனவரியில் புனலூர்க் காட்டிலாகாவில் வேலை பார்த்த செங்கோட்டை வாலிபன் ஒருவன் மூன்று மாத லீவு எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்கு வந்தான். ஐயர் அவனுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார் என்பது அரசாங்கத் தரப்பு. ஊருக்கு வெளியே கரடிக்குப்பத்தில் பயிற்சி நடந்தது என்பது புதுச்சேரியில் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. ஜூன் 17-ஆம் தேதி காலை மணியாச்சி ரயில் நிலையத்தில், திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் தம் மனைவியுடன் முதல் வகுப்பு வண்டியில் உட்கார்ந்திருந்தார். கொடைக்கானலில் இருந்த குழந்தைகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். வாஞ்சிநாதன் பெட்டியில் ஏறி அவர் மார்பில் சுட்டான். பிறகு நிலையத்துக் கழிவறைக்குள் ஓடித் தன்னையே சுட்டுக்கொண்டு மாண்டான். அவனிடம் இருந்ததும் பெல்ஜியத்துப் பிரௌனிங்தான்.

இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. திங்ரா சுட்டது முகத்துக்கு எதிரே நின்று; வாஞ்சி சுட்டது ஒரே ரயில் பெட்டிக்குள். அவ்வளவு அருகில் சுடுவதற்குக் குறி எதற்கு? குழந்தை சுட்டாலும் தவறாதே! பின் மூன்று மாதப் பயிற்சி எதற்கு?

கண்ணுக்காக அல்ல என்றுதான் தோன்றுகிறது, மனத்துக்காக. விரல் யோசிக்காமல் மடங்க வேண்டும். நடுவில் மனச்சாட்சி வந்து 'இவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டே' என்று கேட்பதற்குள் காரியம் முடிந்துவிட வேண்டும். துரோணர் மரக்கிளையில் வைத்த பறவையும் பொம்மைப் பறவைதான். அதன் தலை ஒன்றே கண்ணில் தெரிகிறது, கிளை தெரியவில்லை, குருவே, தாங்களும் தெரியவில்லை என்றான் அர்ஜுனன். ஆசிரியர் மகிழ்ந்து போனார். அப்படிக் கற்றவன் பின்னொரு நாள் குருக்ஷேத்திரத்தில் தேரை நிறுத்தி எதிரே பார்த்தபோது, அந்த ஆசிரியரே தெரிந்தார், காண்டீபம் கைநழுவியது. பொம்மையைப் பார்த்துப் பழகியது மனிதனுக்கு முன் சில சமயம் போதாமல் போகிறது. சில சமயம் போதுமானதற்கு மேலேயே போய்விடுகிறது.

ஏனென்றால், 1909 ஜூலை 1-ஆம் தேதி இரவு இறந்தவர் கர்ஸன் வைலி மட்டும் அல்ல. காவாஸ் லால்காகா என்ற பார்ஸி டாக்டர், ஷாங்காயில் வைத்தியம் செய்து வந்தவர், விருந்துக்கு வந்திருந்தார். வைலி சுடப்படுவதைக் கண்டு காப்பாற்றுவதற்காக நடுவில் பாய்ந்தார். அவர்மீதும் குண்டு பட்டது, உயிர் போயிற்று. இந்தியனுக்காகச் சுட்ட குண்டு இந்தியனைக் கொன்றது. மார்லியின் கூடத்தில் காகிதத்துக்கு முன்னால் எவனும் குறுக்கே ஓடி வந்ததில்லை. தியாகிகளின் பெயரை வீதிகளுக்கு வைத்தோம்; வைத்தது நியாயமே. மணியாச்சி நிலையத்துக்கும் வாஞ்சியின் பெயரைச் சேர்த்தோம். லால்காகாவை மட்டும் வசதியாக மறந்துவிட்டோம்.

ஐயர் என்ன ஆனார்? புதுச்சேரியில் துப்பாக்கிக்குச் செலவழித்த நேரத்தைவிடப் பேனாவுக்குச் செலவழித்த நேரமே அதிகமாயிற்று. 1915-ல் 'குளத்தங்கரை அரசமரம்' எழுதினார். தமிழின் முதல் சிறுகதை அதுதானா என்று அறிஞர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். என் போன்றவர்களுக்குத் தாத்தா முறை அந்த மரம். மறு வருஷம் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பிறகு காந்தியடிகளின் வழிக்கு வந்தார். 'தேசபக்தன்' ஆசிரியராக இருந்து சிறை சென்றபோது பெல்லாரியில் கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் பெரிய ஆராய்ச்சி எழுதினார். சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். அங்கே சமபந்தி உணவு விஷயத்தில் மூண்ட பெரும் சச்சரவு அவர்மீது மாறாத பழியையும் சுமத்தியது. 1925 ஜூன் மாதம் பாபநாசத்தில் அருவியைத் தாண்டும்போது மகள் சுபத்திரை தண்ணீரில் விழுந்தாள். அவளைப் பிடிக்கப் பாய்ந்தவர் திரும்பவில்லை. அப்போது அவருக்கு வயது நாற்பத்து நாலு. ஒரு காலத்தில் பிரௌனிங்கை நீட்டிப் பழகிய கை, கடைசியாக நீண்டது ஒரு குழந்தையைப் பற்றுவதற்கு.

காலம் செய்த மற்றொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் டன்பிளேன் பள்ளிக்கூடத்தில் 1996-ல் ஒரு வெறியன் பதினாறு குழந்தைகளையும் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். மறு வருஷமே பிரிட்டனில் கைத்துப்பாக்கிக்குத் தடை வந்தது. காற்றுத் துப்பாக்கி தவிர மற்றக் கைத்துப்பாக்கிகளில் போட்டியிடும் ஆங்கிலேய வீரர்கள் பயிற்சிக்காக வெளிநாடு போக வேண்டியதாயிற்று. இங்கேயோ 1951-ல் தேசியத் துப்பாக்கிச் சங்கம் தோன்றியது; லோக்சபை சபாநாயகர் மாவலங்கர் அதன் முதல் தலைவர். 1878-ஆம் வருஷத்துச் சட்டம் போய் 1959-ல் நம் சட்டம் வந்தது. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் என்ற பெண் கைத்துப்பாக்கி சுட்டு இரண்டு வெண்கலப் பதக்கம் கொண்டுவந்தாள். ஐயர் தலைமறைவாகத் தங்கிய அதே பாரிஸின் பெயரில் நடந்த ஒலிம்பிக்!

இதையெல்லாம் அண்ணன் மகளிடம் சொன்னேன். துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். லால்காகா விஷயம் வந்தபோது மட்டும் அவள் முகம் மாறியது.

"சரி, உனக்குக் குறி தவறினால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

"போனதை நினைக்கக் கூடாது, சித்தப்பா. அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். அடுத்ததைப் பார்க்க வேண்டும்" என்றாள். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "எங்களுக்கு அப்படிச் சொல்ல முடியும். காகிதத்தை மாற்றிக்கொள்ளலாமே" என்றாள்.

பழைய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மறுபடியும் சுவரைப் பார்த்து நின்றாள். புதியதைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். திருப்பிக் கொடுத்துவிடப் போகிறாளாம், கைப்பிடி சரிப்படவில்லையாம்.