புயல் வருமுன் சொல்வது எப்படி?

1970 நவம்பர் 12. அந்நாளில் கிழக்குப் பாகிஸ்தான் எனப்பட்ட இன்றைய வங்காளதேசத்தின் போலா தீவையும் சூழ்ந்திருந்த திட்டுகளையும் இரவில் கடல் மூடியது. மாண்டோர் மூன்று முதல் ஐந்து இலட்சம் பேர் என்று கணக்கிடுகின்றனர். புயல் வரும் செய்தியை வானொலி சொல்லாமலில்லை. மிகப் பலர் அறிந்துமிருந்தனர். பின் ஏன் நகரவில்லை? உறுதியான கட்டடம் அருகில் இல்லை என்பது ஒரு காரணம். மற்றொன்று, எச்சரிக்கையின் மொழி.

நம் துறைமுகங்களில் ஏற்றும் புயற்கூண்டு எண்களை வாசகர்கள் அறிவர். எட்டு என்றால் கடும்புயல் துறைமுகத்தை இடப்புறம் விட்டுக் கரை கடக்கும். ஒன்பது என்றால் வலப்புறம். எட்டைவிட ஒன்பது கொடியது என்று நினைப்பது தவறு! வங்காளதேசத்து எண்களும் இவ்வாறே மாலுமிகளுக்காக ஏற்பட்டவை. வயலில் நிற்கும் உழவருக்கு அவற்றால் என்ன விளங்கும்?

1972-ல் செஞ்சிலுவைச் சங்கம் புயல் ஆயத்தத் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அரசும் சேர்ந்துகொண்டது. ஊர்தோறும் தொண்டர்கள், ஒலிபெருக்கி, கையால் சுழற்றும் சைரன். ஆபத்து ஏற ஏற ஒன்று, இரண்டு, மூன்று எனக் கொடிகள். எண்ணின் பொருளைப் பக்கத்து வீட்டுக்காரரே வந்து சொன்னார்.

ஆயினும் 1991 ஏப்ரல் புயலில் சுமார் 1,38,000 பேர் மாண்டனர். அவர்களில் பெண்களே மிகுதி. வீட்டு ஆண்கள் இல்லாமல் வெளியேறத் தயங்கினர். புகலிடங்களிலோ பெண்களுக்கெனத் தனியிடம் அரிது. இன்று தொண்டர்கள் சுமார் 76,000 பேர், பாதிப்பேர் பெண்கள். எனக்கு இதுவே கொடிகளைவிடப் பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றுகிறது.

காற்றழுத்தம் குறைவதால்தான் கடல் பொங்குகிறது என்று என் மாணவர்கள் எழுதுவதுண்டு. ஒரு மில்லிபார் குறைந்தால் நீர் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே உயரும். 60 மில்லிபாருக்கு 60 சென்டிமீட்டர், அவ்வளவுதான். மற்றதெல்லாம் காற்றின் வேலை. ஆழமற்ற, புனல்போல் குறுகும் வடக்கு வங்கக்கடலில் காற்று தள்ளும் நீருக்குப் போக்கிடமில்லை; பல மீட்டர் எழுகிறது.

இப்போது கணக்கே மாறுகிறது. 1901-க்குப் பின் உலகக் கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. அலை அந்த உயரத்திலிருந்தே புறப்படும். சூடேறிய கடலில் புயல் விரைந்து வலுக்கும் வாய்ப்பும் கூடியுள்ளது. நேற்று ஒரு கொடிக்குரியது இன்று மூன்று கொடிக்குரியதாகலாம். தொண்டர் வீடுவீடாகச் செல்லும் நேரம் சுருங்குகிறது. 2020 மே மாதத்து அம்பன் புயல் ஏறத்தாழ ஒரே நாளில் பன்மடங்கு வலுத்தது. கொரோனாக் காலமாதலால் புகலிடத்தில் நெருக்கி உட்காரவும் கூடாது. பள்ளிகளையும் திறந்து, 12,000-க்கும் மேற்பட்ட இடங்களில் சுமார் 24 இலட்சம் பேரைச் சேர்த்தனர்.