எந்தக் கம்பெனி பல்பு?

சென்ற மாசி மாதம் நெய்வேலிக்குப் போயிருந்தேன். என் அத்தான் அங்கே சுரங்கத்தின் மின்சாரப் பிரிவில் எஞ்சினீயர். போன அன்று இரவு, டவுன்ஷிப்பில் அவர் வீட்டு வாசல் விளக்கு பட்டென்று அணைந்து போயிற்று. அத்தான் உள்ளே போய்ப் புதுப் பல்பு ஒன்றைக் கொண்டு வந்து மாட்டினார். வெளிச்சம் வந்துவிட்டது. அரை நிமிஷக் காரியம். ஆனால், அதைப் பார்த்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

பல்பைப் பார்த்துப் பொறாமைப்படுவானேன் என்று கேட்பீர்கள். எங்கள் கிராமம் விருத்தாசலத்துக்கு மேற்கே இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்பு ஒரு கம்பெனி அங்கே இன்டர்நெட் கொண்டு வந்தது. கம்பம் நட்டார்கள், கம்பி இழுத்தார்கள், பள்ளிக்கூடத்து மாடியில் ஒரு பெட்டியை வைத்துப் பூட்டினார்கள். ஐப்பசி மாதத்து இடியில் பெட்டி கருகிவிட்டது. கம்பத்துக்கும் கம்பிக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால், கம்பெனி அந்த மாதிரிப் பெட்டி செய்வதையே விட்டுவிட்டது. வேறொருவர் பெட்டியை அதில் மாட்டவும் முடியாதாம். சித்தப்பாவின் பேத்தி கல்லூரி விண்ணப்பம் போடக் கடைசி நாளன்று பஸ் ஏறி விருத்தாசலம் போனாள். கடையில் கூட்டம். முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அந்த வருஷம் முழுவதும் அந்தப் பெண் வீட்டில்தான் இருந்தாள்.

"பல்புக்கு இருக்கிற புத்தி அந்தப் பெட்டிக்கு இல்லையே, அத்தான்!" என்றேன்.

"புத்தி பல்புக்கு இல்லை, மாப்பிள்ளை. ஹோல்டருக்கு" என்றார் அவர்.

இரவு வெகு நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். யோசித்துப் பார்த்தால், நெய்வேலியின் சரித்திரமே இந்த ஹோல்டர் சமாசாரந்தான்.

1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீருக்காகக் கிணறு தோண்டினார்கள். தண்ணீரோடு கரிய மண் வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-இல் கார்ப்பொரேஷன் ஏற்பட்டது. 1957 மே மாதம் ஜவஹர்லால் நேரு சுரங்க வேலையைத் துவக்கி வைத்தார். 1961-இல் நிலக்கரி வெளியே தெரிந்தது. 1962-இல் மின்சாரம் பிறந்தது. மண்ணை வெட்டியவை மேற்கு ஜெர்மனியின் ராட்சதச் சக்கர யந்திரங்கள். மின் நிலையத்தை அமைக்க உதவியது சோவியத் ரஷ்யா. உலக அரசியலில் அந்த இரண்டு தேசங்களும் அப்போது எதிரெதிர் அணி. நெய்வேலியில் மட்டும் ஒருவர் வெட்டியதை மற்றவர் எரித்தார்!

இது தானாக நடந்துவிடவில்லை. மேலே கிடந்த மணற்கல் யந்திரத்தின் பற்களைத் தேய்த்துத் தள்ளியது. இங்கத்திய பாறைக்குத் தக்கபடி பற்களை மாற்ற வேண்டியதாயிற்று. நிலக்கரிக்கு அடியில் ஊற்று நீர் முட்டிக்கொண்டு நின்றது. அதை ஓயாமல் இறைத்துக்கொண்டே வெட்டினார்கள். அந்த முதல் மின் நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றது. அது அனுப்பிய மின்சாரத்துக்கு 50 சைக்கிள், 230 வோல்ட் என்று நாடறிந்த ஓர் அளவு இருந்தது. அதனால்தான் எந்தக் கம்பெனி பல்பும், எந்தக் கம்பெனி பம்ப்செட்டும் கிராமத்தில் ஓடின. கம்பி இழுத்தவனிடமே பல்பும் வாங்கவேண்டும் என்றிருந்தால், பாதி ஊர்களில் இன்னும் அரிக்கேன் விளக்குத்தான் எரிந்துகொண்டிருக்கும்.

டெலிபோனுக்கு இந்த யோகம் வாய்க்கவில்லை. எக்ஸ்சேஞ்ச் என்றால் ஒரே கம்பெனியின் முழுக் கட்டு. அதற்குக் குளிர்சாதன அறை வேறு. கிராமம் எங்கே போகும்? 1984-இல் அரசாங்கம் ஸி-டாட் என்ற ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்தி, 36 மாதமும் 36 கோடி ரூபாயும் கொடுத்தது. அதற்கு முன்னின்றவர் ஒரிஸ்ஸாவின் டிட்லாகரில் பிறந்த ஸாம் பிட்ரோடா. குளிர்சாதனம் கேட்காத சிறிய கிராம எக்ஸ்சேஞ்ச் 1986 ஜூலையில் கர்நாடகத்துக் கித்தூரில் வேலை செய்யத் தொடங்கியது. வெள்ளைக்காரரை எதிர்த்து நின்ற ராணி சென்னம்மாவின் கித்தூர்தான். அந்த அமைப்பைப் பூட்டி வைக்காமல் பல கம்பெனிகள் தயாரிக்கும்படி உரிமம் கொடுத்தார்கள். மஞ்சள் போர்டு போட்ட டெலிபோன் கடைகள் பட்டிதொட்டியெல்லாம் முளைத்த காலம் அதன் பின்னால் வந்தது.

அடுத்த அடியை எங்கள் ஜில்லாவே கண்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினர் 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லா முறையை உருவாக்கினார்கள். நெய்வேலிக்குச் சற்று வடகிழக்கே, கரும்பு ஊரான நெல்லிக்குப்பத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் அதைக்கொண்டு இன்டர்நெட் நிலையங்கள் வைத்துப் பார்த்தார்கள். செல்போன் வெள்ளத்தில் அந்த முறை பின்தங்கிவிட்டது. ஆனாலும், கிராமத்தானுக்கு இது எதற்கு என்ற கேள்வி அதோடு போயிற்று.

பூட்டு மட்டும் போகவில்லை. டவரில் இருக்கும் ரேடியோ, அதை ஆட்டி வைக்கும் மென்பொருள், நடுவிலுள்ள மூளை மூன்றும் பெரும்பாலும் ஒரே கடைச் சரக்காகவே இருந்தன. 2018-இல் அமெரிக்கா, சீனா, ஜப்பான், ஜெர்மனி, பிரான்ஸ் தேசங்களின் ஐந்து பெரிய டெலிபோன் கம்பெனிகள் கூடி 'ஓ-ரான்' என்ற கூட்டணியை அமைத்தன. பகுதிகளைப் பிரித்துவிடு, சேரும் இடத்துக்குப் பொது அளவு வை, யார் வேண்டுமானாலும் செய்யட்டும் என்பது அதன் சாரம். அத்தான் சொன்ன ஹோல்டர்தான் அது! நம் நாட்டில் 2020 டிசம்பரில் வந்த பி.எம்.-வாணித் திட்டமும் அதே ஜாதி. வை-பை விற்கும் கடைக்காரர், பல கடைகளைச் சேர்ப்பவர், செயலி செய்பவர், பொதுப் பதிவேடு என்று நாலாகப் பிரித்தார்கள். பெட்டிக்கடைக்காரர் லைசென்ஸ் இல்லாமலே வை-பை விற்கலாம். 2025 செப்டம்பரில் பி.எஸ்.என்.எல். துவக்கிய சுதேசி 4ஜி-யில் ரேடியோ தேஜஸுடையது, மூளை ஸி-டாட்டினுடையது, ஒன்றாக இணைத்தது டி.ஸி.எஸ்.

"எல்லாம் சரி, அத்தான். நாலு பேர் பெட்டி இருந்தால், கெட்டுப்போன அன்று நாலு பேரும் 'நானில்லை' என்பார்களே?" என்று கேட்டேன்.

"சொல்லத்தான் சொல்வார்கள். ஜெர்மன் யந்திரம் நின்றால் ரஷ்யாக்காரனா வந்து பார்த்தான்? இங்கே நம் ஆட்கள் கற்றுக்கொண்டார்கள். ஹோல்டர் மட்டும் போதாது, மாப்பிள்ளை. பல்பு மாட்டத் தெரிந்த ஆளும் ஊரிலேயே இருக்கவேண்டும்."

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டு செல்ல 2018-இல் ஏற்பட்ட அரசு நிறுவனம் தமிழ்நாடு பைபர்நெட். இழை ஊராட்சி அலுவலகம் வரை வரும். அங்கிருந்து வீட்டுக்குள் வரும் பெட்டி யாருடையது என்பதில்தான் நம் கதி இருக்கிறது.

ஊருக்குத் திரும்பியதும் ஊராட்சித் தலைவரைப் பார்த்தேன். புதிய கம்பெனி ஒன்று வந்து பேசிவிட்டுப் போயிருந்தது. மாத வாடகை, வேகம் எல்லாம் விசாரித்து வைத்திருந்தார்.

"இந்தப் பெட்டி கெட்டால் வேறு யாருடைய பெட்டியை மாட்டலாம் என்று கேட்டீர்களா?"

அவர் விழித்தார்.

பக்கத்தில் நின்ற சித்தப்பாவின் பேத்தி ஒரு காகிதத்தை எடுத்து அந்தக் கேள்வியை முதல் வரியில் எழுதினாள். ஒரு வருஷம் தாமதமாகத்தான் அவள் கல்லூரியில் சேர்ந்தாள். இப்போது படிப்பது எலெக்ட்ரானிக்ஸ்.