பேனா பிடிப்போர்க்கும் பள்ளிக்கூடம்

பால் மரம் சீவ வரும் புதிய ஆளை மண்டோர் முதலிற் பழைய மரத்தண்டையே நிறுத்துவது தோட்டத்து வழக்கம். கத்தி ஆழப் பாய்ந்தால் மரத்திற் காயம் உண்டாகும். பின்னர் அவ்விடத்திற் பட்டை சீராக வளராது. மேலோட்டமாகச் சென்றாலோ பால் போதிய அளவு வடியாது. இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கும் நூலளவான பக்குவத்தைக் கை அறியும் வரை, இளமரத்தை அவன் தொட இசையார். ஒரு மரத்தின் பட்டைக்கே இத்துணைக் காவல் இருக்க, மக்களின் பெயரையும் பிழைப்பையும் மானத்தையும் நாள்தோறும் தொட்டுச் செல்லும் பத்திரிகைப் பேனாவை மட்டும் எவரும் எவ்வாறும் பிடிக்கலாம் என்று உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. அவ்வெண்ணம் எவ்வாறு மாறிற்று, மாறிய பின்னும் எங்கே குறை நின்றது என்பதே இவ்வியாசத்தின் பொருள்.

பத்திரிகாசிரியன் பிறக்கிறானேயன்றி ஆக்கப்படுவதில்லை என்பது மேனாட்டிற் பலர் சொல்லிவந்த வார்த்தை. பிறப்பினால் தகுதி வரும் என்னும் கொள்கை எவ்வுருவில் வந்தாலும் அதனை ஐயத்தோடு நோக்கப் பழகியவர்கள் நம் வாசகர்கள். ஆகவே இக்கொள்கையை முதலில் எதிர்த்தவர் யாவர் என்று அறிவது நமக்கு இன்பமே தரும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோல்வியுற்ற தளபதி ராபர்ட் லீ, பின்னர் வர்ஜீனியாவில் ஒரு கல்லூரிக்குத் தலைவரானார். அங்கு 1869இல், அச்சுத் தொழிலும் பத்திரிகைத் தொழிலும் பயில விரும்பும் இளைஞர்க்கு உதவிச் சம்பளம் அளிக்க ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. அது நீடிக்கவில்லை. 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் மிசௌரி சர்வகலாசாலையில் உலகின் முதற் பத்திரிகைக் கல்லூரி எனப் போற்றப்படுவது திறக்கப்பட்டது. அதனை நடத்த வந்த வால்டர் வில்லியம்ஸ் யார்? சிறு வயதில் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துப் பழகியவர். கல்லூரி வாயிலை மாணவராக மிதியாதவர். அவரே முதல் தலைவராக அமர்ந்து, கல்லூரி திறந்த அன்றே மாணவர் கையால் ஒரு செய்தித்தாளையும் வெளியிடச் செய்தார். விளையாட்டுத் தாள் அன்று. ஊரார் காசு கொடுத்து வாங்கும் உண்மைத் தாள். பிழை வந்தால் மறுநாட் காலை ஊராரே வந்து கேட்பார்கள். அதைவிடச் சிறந்த ஆசிரியர் வேறு யார்? பட்டமில்லாத அவ்வச்சுத் தொழிலாளியே 1931இல் அச்சர்வகலாசாலை முழுவதற்கும் தலைவரானார்.

மற்றொருவர் ஜோசப் புலிட்சர். அங்கேரி நாட்டில் 1847இற் பிறந்து, 1864இல் அமெரிக்கா வந்து, அந்நிய மொழியாகிய ஆங்கிலத்தைக் கற்று, நியூயார்க் நகரின் பெரும் பத்திரிகையொன்றுக்கு உரிமையாளரானவர். வேறொரு நாட்டிற் குடியேறிப் பிழைக்கும் நமக்கு அவர் வரலாறு அந்நியமன்று. அவர் குற்றமற்றவருமல்லர். 1890ஆம் ஆண்டுகளில் விற்பனைப் போட்டியில் அவருடைய தாளும் பரபரப்பை நாடி உண்மையைப் பின்னே தள்ளியதுண்டு. அப்பிழையைத் தம் வீட்டிலேயே கண்டதனாற்போலும், பத்திரிகைத் தொழிலுக்குக் கல்வி வேண்டும் என்று அவர் பிற்காலத்தில் அழுத்தமாக வாதித்தார். 1904இல் எழுதிய கட்டுரையில், பிறவித் தகுதி போதும் என்பாரைப் பார்த்து, பிறந்த ஒன்றாலேயே ஒருவன் திறம்பட வகிக்கக்கூடிய பதவி மூடப் பதவிதான் என்னும் கருத்துப்படப் பரிகசித்தார். அவர் கொலம்பியா சர்வகலாசாலைக்கு அளிக்க முன்வந்த தொகை 20 இலட்சம் டாலர். 1911இல் அவர் மறைந்தார். அவர் விரும்பிய கல்லூரி 1912இல் திறக்கப்பட்டது.

நம்மவர் நிலை என்ன? சிங்கப்பூரில் "சிங்கை நேசன்" 1887இலும், கோலாலம்பூரில் "தமிழ் நேசன்" 1924இலும் தோன்றின. அக்காலத்து மலாயாவிற் பத்திரிகைக் கல்லூரி ஏது? எழுத்துக் கோத்தலும் அச்சுப்பிழை திருத்தலும் சந்தாப் பணத்துக்கு நடத்தலுமே பாடங்கள். இந்தியாவில் லாகூரிலிருந்த பஞ்சாப் சர்வகலாசாலை 1941இலும், சென்னைச் சர்வகலாசாலை 1947இலும் இத்தொழிலுக்கு வகுப்புத் தொடங்கின. தோட்டங்களிலிருந்து செய்தி எழுதியவர்களோ வாத்தியார்களும் கிராணிகளுமே. அவர்களுக்குப் பயிற்சி அளித்தவர் ஒருவருமிலர்.

இவ்விடத்தில் நம் குற்றமொன்றை ஒப்புக்கொள்ளுதல் கடமை. நாமும் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் கிராணிதான். ஆங்கிலப் பள்ளியிற் படித்தமையால், எழுதத் தெரியும் என்னும் செருக்கும் உண்டு. சில ஆண்டுகட்கு முன் ஒரு தொழிலாளர், லயத்துக் குழாயில் வந்த கலங்கல் நீரைப் போத்தலில் அடைத்துக் கொண்டுவந்து, "கிராணி ஐயா, இதைக் குடித்துப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. பத்திரிகைக்கு எழுதுங்கள்" என்று மன்றாடினார். ஒரு தாயிடம் கேட்டோம். பன்னிரண்டு பிள்ளைகள் என்றார். அன்றிரவே அவ்வாறே எழுதி அனுப்பினோம். நம் பெயரைப் போடவில்லை. செய்தி வெளிவந்தது. மறுவாரம் நிர்வாகத்தின் மறுப்பும் வெளிவந்தது. மருந்தகப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் ஐந்தே! அப்பதிவேடு நம் மேசைக்கு நாற்பது அடி தூரத்தில் இருந்தது. நாம் சென்று பார்க்கவில்லை.

பின்னர் நடந்ததென்ன? ஐந்து பிள்ளைகள் நோயுற்றதும் உண்மை. நீர் கலங்கியிருந்ததும் உண்மை. ஆயினும் ஓர் எண் பொய்யானதால் முழுச்செய்தியும் பொய்யென்றே பேசப்பட்டது. குழாய் மேலும் பல மாதங்கள் அவ்வாறே கிடந்தது. போத்தல் கொண்டுவந்தவர் மீது ஐயம் விழுந்து, அவர் நெடுந்தூரத்துக் காட்டுக்கு மாற்றப்பட்டார். பெயர் வெளிவராத நாமோ மின்விசிறியடியில் அதே நாற்காலியில் இருந்தோம். சம்பள நாளிற் கையொப்பமிட வந்த அவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை. பயிற்சியில்லாத பேனா யாரைக் குத்தும் என்பதை அன்றறிந்தோம். எழுதுவோனுக்கும் செய்தி தருவோனுக்கும் காப்பு இல்லையேல் உண்மை எத்துணை விரைவில் ஒளியும் என்பதையும் அன்றே அறிந்தோம். இவ்விரண்டும் இணைபிரியாதவை. உலக வரலாறும் இதனையே காட்டுகிறது.

நிற்க. நாடுகளைக் கடந்து பத்திரிகையாளர் ஒருவர்க்கொருவர் துணையாதல் வேண்டும் என்னும் எண்ணம் பழையதே. 1926இல் பாரிஸ் நகரிற் பத்திரிகையாளர் சம்மேளனம் ஒன்று அமைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1950 அக்டோபரில், 15 நாடுகளைச் சேர்ந்த 34 பத்திராதிபர்கள் புலிட்சர் கல்லூரி இருந்த அதே கொலம்பியாவிற் கூடி, சர்வதேசப் பத்திரிகைக் கழகத்தைத் தோற்றுவித்தனர். ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்ற காலத்தில், அங்குப் பத்திரிகை நடத்தச் சுதேசிகளுக்குப் போதிய பயிற்சி இல்லை. ஆகவே இக்கழகம் ஃபோர்டு அறநிதியின் பொருளுதவியோடு 1963இல் நைரோபியிற் பயிற்சி நிலையம் தொடங்கிற்று. அதனை நடத்தியவர் டாம் ஹாப்கின்சன் என்னும் ஆங்கிலேயர்.

அவர் ஏட்டுப் படிப்பை மட்டும் சுமந்து வந்தவரல்லர். லண்டனில் "பிக்சர் போஸ்ட்" ஆசிரியராக இருந்தபோது, கொரியப் போரில் அரசியற் கைதிகள் பட்ட துன்பத்தைப் பற்றிய கட்டுரையை வெளியிட முனைந்தமையால், 1950இல் முதலாளியால் வேலைநீக்கம் பெற்றவர். பின்னர் 1958 முதல் 1961 வரை தென்னாப்பிரிக்காவில், கறுப்பு மக்களுக்காக வெளிவந்த "டிரம்" சஞ்சிகையை நடத்தினார். அங்கு அவர்கீழ் வேலை பார்த்த இளைஞருள் ஒருவர் நாட் நகாசா.

நகாசா 1937இற் பிறந்தவர். நிறவெறிச் சட்டங்களுக்கு நடுவே எழுதிப் பெயர்பெற்றார்; "கிளாசிக்" என்னும் இலக்கிய ஏட்டையும் தொடங்கினார்; "ராண்ட் டெய்லி மெயில்" நாளிதழில் தொடர்ந்து எழுதும் வாய்ப்பும் பெற்றார். அமெரிக்காவின் ஹார்வர்டில், பத்திரிகையாளர் ஓராண்டு தங்கிப் படிப்பதற்கென 1938இல் அமைந்த நீமன் உதவி 1964இல் அவருக்குக் கிடைத்தது. ஆனால் அவர் நாட்டு அரசாங்கம் கடவுச்சீட்டு மறுத்தது. திரும்பி வாரேன் என்று உரிமையைத் துறந்து போவார்க்கு அளிக்கும் வெளியேற்றச் சீட்டு ஒன்றே அவர்க்கு மிஞ்சியது. படிக்கப் போக வேண்டுமாயின் பிறந்த மண்ணை இழக்க வேண்டும்! அவர் போனார். 1965 ஜூலை 14ஆம் நாள் நியூயார்க்கில் உயர்ந்த கட்டடமொன்றிலிருந்து விழுந்து மாண்டார். வயது 28. அவருடைய எச்சங்கள் தாயகம் திரும்பியது 2014இல். உதவிச் சம்பளம் அளித்தவர்கள் நல்லவர்களே, கல்லூரியும் உயர்ந்ததே. ஆயினும் நாடிழந்து நின்றவனுக்கு நாடு தர அவ்வுதவியால் இயலவில்லை.

ஆசியாவிலும் துணிந்தோர் இருந்தனர். இலங்கையில் 1958இல் தமிழர் மீது வன்செயல் நிகழ்ந்து, அவசரச் சட்டமும் தணிக்கையும் வாயை அடைத்தபோது, "சிலோன் ஒப்சர்வர்" ஆசிரியரான தார்சி வித்தாச்சி என்னும் சிங்களவர் நடந்ததை நூலாக எழுதி லண்டனில் வெளியிட்டார். 1959இல் அவருக்கும், ரங்கூனில் "நேஷன்" நடத்திய எட்வர்டு லா யோனுக்கும் மகசேசே விருது அளிக்கப்பட்டது. விருது லா யோனைக் காக்கவில்லை; 1963இல் பர்மிய இராணுவ அரசு அவரைச் சிறையிலிட்டது. வித்தாச்சி பின்னர் ஆசியப் பத்திரிகையாளர்க்குப் பயிற்சி அளிக்கும் வேலையில் இறங்கினார். 1967இல் மணிலாவில் எழுந்த ஆசியப் பத்திரிகை அறநிறுவனத்தை உருவாக்கியவருள் ஒருவரானார். 1971இற் சிங்கப்பூரிலும் செய்தித் தொடர்பு ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் ஒரு நிலையம் ஏற்பட்டது.

வெளியார் உதவியில் நஞ்சு கலவாதோ என்று கேட்பார் உளர். கேட்பது முறையே. போருக்குப் பின் ஒன்றாயிருந்த உலகப் பத்திரிகையாளர் சங்கம் வல்லரசுப் பகையால் இரண்டாயிற்று. 1952இல் மேற்கு நாட்டார் பிரஸ்ஸல்ஸில் தனிச் சம்மேளனம் கண்டனர். இரு பக்கத்தாரும் ஏழை நாட்டு நிருபர்களை அழைத்துச் சோறும் பாடமும் அளித்தனர்; பாடத்தோடு தத்தம் அரசியலையும் ஊட்ட முயன்றதுண்டு. பொதுநிறுவனமாகிய யுனெஸ்கோ 1957இல் ஸ்ட்ராஸ்பர்க்கிலும் 1959இல் கீட்டோவிலும் பயிற்சி நிலையங்களுக்குத் துணைநின்றது. 1980இல் இதற்கெனத் தனித் திட்டமும் வகுத்தது. யார் பணமாயினும், கேட்கும் கேள்வியைப் பணம் கொடுத்தவன் தீர்மானிக்க விடலாகாது. இதனை முதற்பாடமாக வைக்கும் பள்ளியே பள்ளி.

பயிற்சியோடு காப்பும் வேண்டும் என்பதை உலகம் பிந்தியே உணர்ந்தது. நியூயார்க்கிற் பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு 1981இல் தோன்றிற்று. ஆப்பிரிக்கப் பத்திரிகையாளர் 1991 மே 3ஆம் நாள் நமீபியாவின் விந்தோக் நகரிற் செய்த பிரகடனத்தின் நினைவாக, அந்நாளையே உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளாக ஐக்கிய நாடுகள் சபை 1993இல் அறிவித்தது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையாளர் ஜெ. சி. திசைநாயகம், தாம் எழுதியவற்றின் பொருட்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் 2009இல் 20 ஆண்டுக் கடுங்காவல் தண்டனை பெற்றார். உலகெங்குமிருந்து குரல் எழுந்தது. அவ்வாண்டே பாதுகாப்புக் குழு அவருக்கு விருதளித்தது. 2010இல் அதே மே 3ஆம் நாள் அவருக்கு மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. பின்னர் அவர் சென்று பயின்றது எங்கே? நகாசாவுக்கு இடமளித்த அதே நீமன் உதவியிலேதான். அதே 2009இன் தொடக்கத்தில் கொழும்பிற் கொலையுண்ட லசந்த விக்கிரமதுங்கவுக்கோ எக்குரலும் உயிரை மீட்டுத் தர வகையில்லை.

அன்பர்களே! சர்வகலாசாலைகளும் சர்வதேசச் சபைகளும் நம் லயத்து வாசலுக்கு நாளையே வந்து நிற்கப்போவதில்லை. ஆயினும் நாம் செய்யக்கூடியவை சில உள. தோட்டந்தோறும் எழுத விரும்பும் இளைஞரையும் பெண்களையும் பத்திராதிபர்கள் ஆண்டுக்கொரு முறையேனும் அழைத்து, எண்ணைச் சரிபார்ப்பது எப்படி, மறுபக்கத்தாரைக் கேட்பது எப்படி, செய்தி தந்தவர் பெயரைக் காப்பது எப்படி என்று கற்பித்தல் வேண்டும். செய்தியால் இன்னலுறும் ஏழைக்கு வழக்குரைக்கவும் வேலை தேடித் தரவும் சங்கங்கள் முன்வரல் வேண்டும். எழுதுவோர் தம் மேசைக்கு நாற்பது அடி தூரத்தில் இருக்கும் பதிவேட்டை எழுந்து சென்று பார்த்தல் வேண்டும்.

அக்குழாய் பின்னர் மாற்றப்பட்டது. அது நம் எழுத்தினால் அன்று. போத்தல் கொண்டுவந்தவர் இப்போது அத்தோட்டத்தில் இல்லை. இக்கட்டுரை அவர் கண்ணிற் படுமாயின், இது நாம் அவருக்குச் செலுத்த வேண்டிய மன்னிப்பென்று கொள்வாராக.