ரூ.15,000 வாடகை வீட்டுக்கு மாசம் ரூ.21,350 செலவா? சென்னையில் வீடு தேடுறவங்க போட வேண்டிய கணக்கு!

சென்னையில் வீடு தேடும்போது நாம கேட்கிற முதல் கேள்வி, "வாடகை எவ்வளவு?" ஓனர் ஒரு தொகை சொல்வார். அதை வெச்சே பல பேர் முடிவு எடுத்துடுறாங்க. ஆனா மாசாமாசம் பாக்கெட்டில் இருந்து போகும் பணம் அந்தத் தொகை மட்டும் இல்லை. அட்வான்ஸ், மெயின்டனன்ஸ், இபி, புரோக்கர் கமிஷன், பெயின்டிங் என எல்லாத்தையும் சேர்த்தால்தான் உண்மையான வாடகை தெரியும். அதை எப்படிக் கணக்கிடுவது? சட்டம் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

ஏரியாவுக்கு ஏரியா வாடகை ஏன் மாறுது?

வேலை எங்கே இருக்கோ, அங்கே வாடகை ஏறும். ஓஎம்ஆரில் ஐடி நிறுவனங்கள் வந்த பிறகு பெருங்குடி முதல் சோழிங்கநல்லூர் வரை வாடகை உயர்ந்ததற்கு இதுதான் காரணம். அடுத்தது போக்குவரத்து. மெட்ரோ, மின்சார ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள வீட்டுக்குத் தனி மவுசு.

மூன்றாவது, தண்ணீர். மெட்ரோ வாட்டர் வரும் தெருவும், லாரித் தண்ணியை நம்பி இருக்கும் அப்பார்ட்மென்ட்டும் ஒண்ணு இல்லை. லாரிக்குக் கொடுக்கும் காசு மெயின்டனன்ஸில்தான் வந்து சேரும். நான்காவது, வெள்ளம். 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பகுதிகளில் தரைத்தளங்கள் தண்ணீரில் நின்றன. இந்தப் பக்கம் வாடகை குறைவாக ஒரு வீடு கிடைத்தால், "இங்க எவ்வளவு தண்ணி நின்னுச்சு?" என்று பக்கத்து வீட்டில் கேட்டுட்டு அட்வான்ஸ் கொடுங்க.

சொல்ற வாடகை சரியானதுதானா?

ஆப்களில் போடுவது ஓனர் எதிர்பார்க்கும் வாடகை; பேசி முடிக்கும் வாடகை அதைவிடக் குறையலாம். அதே தெருவில் மூன்று, நான்கு வீடுகளை விசாரியுங்கள். அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன், அயர்ன் வண்டிக்காரர், தெருமுனை மளிகைக்கடைக்காரர் ஆகியோருக்கு அந்தத் தெருவின் நிலவரம் அத்துப்படி.

சதுர அடியையும் கவனிங்க. விளம்பரத்தில் சொல்லும் அளவில் சுவர், படிக்கட்டு, லிஃப்ட் பகுதிகளும் சேர்ந்திருக்கலாம். நீங்கள் புழங்கும் இடம் அதைவிடக் குறைவு. 'கார்பெட் ஏரியா எவ்வளவு?' என்று கேட்டு ஒப்பிடுவதே சரி.

உண்மையான வாடகைக் கணக்கு

உதாரணத்துக்கு இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் 2 வருஷம் குடியிருக்கப் போறீங்க.

வீடு 1: வாடகை ரூ.15,000. அட்வான்ஸ் 10 மாதம்.

* மெயின்டனன்ஸ்: ரூ.3,000
* இபி: சப் மீட்டர், யூனிட்டுக்கு ரூ.9. இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் என்றால் மாதம் ரூ.1,350
* அட்வான்ஸ் ரூ.1,50,000-க்கு 6% வட்டி இழப்பு: மாதம் ரூ.750
* புரோக்கருக்கு ஒரு மாத வாடகை: 24 மாதத்துக்குப் பிரித்தால் ரூ.625
* காலி செய்யும்போது பெயின்டிங்குக்குப் பிடிக்கும் ஒரு மாத வாடகை: அதுவும் ரூ.625

மொத்தம் மாதம் ரூ.21,350.

வீடு 2: வாடகை ரூ.18,000. அட்வான்ஸ் 3 மாதம், நேரடியாக ஓனர், தனி இபி இணைப்பு.

* மெயின்டனன்ஸ்: ரூ.500
* அட்வான்ஸ் ரூ.54,000-க்கு வட்டி இழப்பு: ரூ.270
* பெயின்டிங்: ரூ.750

மொத்தம் ரூ.19,520. இபி பில்லைச் சேர்த்தாலும் ரூ.20,000-ஐ ஒட்டித்தான் நிற்கும். அதாவது, 3,000 ரூபாய் 'அதிகம்' என்று நாம வேணாம்னு விட்ட வீடுதான் இங்கே மலிவு.

இபி-யில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முதல் 100 யூனிட் இலவசம். சப் மீட்டரில் யூனிட்டுக்கு ரூ.9 என்று முதல் யூனிட்டில் இருந்தே வசூலித்தால், அந்த 100 யூனிட்டுக்கே நீங்கள் ரூ.900 கொடுக்குறீங்க. அதனால் 'வீட்டுக்குத் தனி இபி நம்பர் இருக்கா?' என்பது கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி.

சட்டம் என்ன சொல்லுது?

1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம், 2017, கடந்த 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ளது. முக்கிய அம்சங்கள்:

அட்வான்ஸ்: மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனா இதில் ஒரு சிக்கல் இருக்கு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் இந்த வரம்பு பொருந்தாது. '10 மாதம்' என்று எழுதியிருக்கும் அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு சட்டத்தைக் காட்டிப் பேசுவது கஷ்டம். பேரம் பேசுவதென்றால் கையெழுத்துக்கு முன்பே பேசணும்.

திரும்பப் பெறுவது: வீட்டைக் காலி செய்து ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்.

வாடகை உயர்வு: ஒப்பந்தக் காலத்தின் நடுவில், அதில் எழுதப்படாத உயர்வைக் கேட்க முடியாது.

தண்ணீர், மின்சாரம்: தகராறு வந்தாலும் ஓனர் இவற்றை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகார அமைப்பிடம் புகார் செய்யலாம்.

வாடகை பாக்கி: இரண்டு மாத வாடகையைக் கட்டாமல் விட்டால், காலி செய்யச் சொல்லி ஓனர் வாடகை நீதிமன்றத்தை நாடலாம்.

11 மாத அக்ரிமென்ட் போதுமா?

ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைகளைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது 1908 பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்க வந்ததுதான் 11 மாதக் கணக்கு. ஆனா புதிய வாடகைச் சட்டப்படி, 11 மாதம் என்றாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் செய்ய வேண்டும். இதற்கென அரசு இணையதளம் உள்ளது. பதிவு செய்தால் தனி எண் தருவார்கள். வெறும் ஸ்டாம்ப் பேப்பரோடு விட்டுவிட்டால், அட்வான்ஸுக்காக வழக்குப் போடும் நாளில் அந்த ஒப்பந்தத்தை ஆதாரமாகக் காட்டுவதே சிக்கலாகலாம்.

லீஸுக்குப் போறீங்களா?

மொத்தமாகப் பல லட்சம் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருப்பதுதான் லீஸ். இதில் பணம் முழுவதும் ஓனர் கையில். அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, தவணை கட்டாமல் வங்கி வீட்டை எடுத்தால் உங்க பணம் தொங்கலில் நிற்கும். பணம் கொடுக்கும் முன் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழைப் பாருங்கள். பேசுபவர் உண்மையான உரிமையாளர்தானா என்று பத்திரத்தையும் கேட்டுப் பாருங்கள்.

கையெழுத்துக்கு முன் ஒரு நிமிஷம்

* அட்வான்ஸ், வாடகை எல்லாமே வங்கி அல்லது யுபிஐ மூலம் கொடுங்க.
* பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பாங்க என்பதை அக்ரிமென்ட்டில் எழுதச் சொல்லுங்க.
* குடிபோகும் நாளில் சுவர், குழாய், இபி மீட்டர் ரீடிங் எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிடுங்க.
* ஹெச்ஆர்ஏ வரிச்சலுகை கேட்பவர்கள், வருட வாடகை ரூ.1 லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண் தேவைப்படும். அதையும் முன்பே பேசிவிடுங்கள்.