எப்பவும் 'ஃபுல்' காட்டும் முள்

வவுணதீவைத் தாண்டி ஆயித்தியமலைக்குப் போற வழியில அந்த மொரிஸ் மைனர் நின்றுவிட்டது. எங்களில் ஒருவரின் அம்மப்பா வைத்திருந்த 1959ஆம் ஆண்டுக் கார் அது. முள்ளைப் பார்த்தால் டாங்க் நிறைய பெற்றோல். டாங்க் வாயைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தால் குச்சியின் நுனிகூட நனையவில்லை. வெயில் வேறு. கானுடன் ஒருவர் சைக்கிளில் வாவிக்கு அந்தப் பக்கம் போய் வரும்வரை மற்றவர்கள் மருதமரத்தடியில் இருந்து அந்த முள்ளைத் திட்டினோம்.

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகுதான் திட்டினது பிழை என்று விளங்கியது. அந்தக் காலத்து ஸ்மித்ஸ் முள்ளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதுக்குப் போய்ச் சேர்ந்த செய்திதான் கோணல்.

ஸ்மித்ஸ் 1851இல் லண்டனில் கடிகாரக் கடையாகத் தொடங்கிய நிறுவனம். மொரிஸ், ஒஸ்டின் என்று இலங்கை வீதிகளில் ஓடிய பிரித்தானியக் கார்களின் முகப்பில் அந்தப் பெயரை அடிக்கடி காணலாம். மைனரில் நடுவில் ஒரு பெரிய வட்டம். வேகமுள் அதில்தான், பெற்றோல் முள்ளும் அதற்குள்ளேயே. பின்னால் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்று முள்ளை வெறுமைப் பக்கம் இழுக்கும், மற்றது நிறைவுப் பக்கம் இழுக்கும். டாங்கிலுள்ள மிதவை கீழே இறங்க இறங்க மின்தடை குறையும். அப்போது மின்சாரம் நிறைவுச் சுருளுக்குள் போகாமல் மிதவை வழியாகவே ஏர்த்துக்கு ஓடிவிடும், முள் வெறுமைக்குச் சாயும். இந்த ஏர்த் எங்கேயாவது துருப்பிடித்து அறுந்தால், டாங்க் வெறுமையானாலும் முள் நிறைவிலேயே நிற்கும். 1960களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த வெப்பமுள் வகையில் இது தலைகீழ்: ஏர்த் போனால் வெறுமை காட்டும். அந்த வகையில் பெற்றோல் முள்ளும் சூட்டு முள்ளும் ஒரே நேரத்தில் குழம்பினால், இரண்டுக்கும் மின்னழுத்தத்தைச் சீராக்கிக் கொடுக்கும் சின்னப் பெட்டியைத்தான் முதலில் சந்தேகிக்க வேணும்.

பழைய வகை ஆளை நம்பவைத்து நடுவழியில் விடும். எங்களுக்கு நடந்தது அதுதான். வாவிக் காற்றில் உப்பு. ஏர்த் இந்த ஊரில் எத்தனை வருசம் தாங்கும்?

கண்டுபிடிக்கும் வேலை கஷ்டமில்லை. பூட் தரையில் உள்ள மூடியைக் கழற்றினால் மிதவையின் தலை தெரியும். பூட்டைத் திறந்து காற்றாட விட்டு, சாவியை அணைத்து, கம்பியைக் கழற்றி, பிறகு சாவியைப் போட்டோம்: முள் நிறைவில். மறுகா சாவியை அணைத்து, அந்தக் கம்பியைக் காரின் பொடியில் இறுக்கிப் பூட்டிவிட்டுச் சாவியைப் போட்டோம்: முள் வெறுமைக்கு விழுந்தது. ஆக, முள்ளும் நல்லது, முன்னிருந்து பின்னுக்கு வரும் கம்பியும் நல்லது. (பெற்றோல் டாங்குக்கு மேல் தீப்பொறி பறக்கக் கூடாது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் முதலில் கம்பி, பிறகு சாவி.) கம்பியைத் திரும்ப மிதவையில் பூட்டி, மிதவையின் உலோகத் தலையிலிருந்து பொடிக்கு இன்னொரு கம்பி கொடுத்தோம். முள் மெல்ல இறங்கி, டாங்கில் உண்மையாக இருந்த கொஞ்சப் பெற்றோலில் வந்து நின்றது. அரத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்ததோடு வேலை முடிந்தது.

ஆனால் அம்மப்பா இந்த முள்ளோடு எப்படி இத்தனை வருசம் ஓட்டினார்?

இந்தக் கார்கள் இங்கே இவ்வளவு காலம் நிலைத்ததற்கு ஆசை மட்டும் காரணமில்லை. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து கார் இறக்குமதி இறுகியது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை இருந்ததைத் திருத்தி ஓடுவதுதான் வழி. இந்தக் காரின் இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இருக்கிறது. அந்த எழுத்துக்கு எதிராகத்தான் 1958இல் தமிழரசுக் கட்சி இயக்கம் நடத்தியது, தகடுகளில் தார் பூசப்பட்டது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியையும் இந்தக் கார் கண்டது.

பிறகு யுத்தம். படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில். அங்கே எரிபொருள் கொண்டுபோகத் தடையும் கட்டுப்பாடும். வவுணதீவில், செங்கலடிக் கறுத்தப்பாலத்தில் சோதனைச்சாவடிகள். யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில் கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, என்ஜின் சூடான பிறகு மண்ணெண்ணெயில் மைனரும் ஒஸ்டினும் ஓடிய கதை எல்லாருக்கும் தெரியும். உள்ளே கிடப்பது பெற்றோலா மண்ணெண்ணெயா என்று மிதவைக்குத் தெரியாது, உயரம் மட்டும்தான் அதன் கணக்கு. எத்தனை கட்டை தூரம் மிச்சம் ஓடலாம் என்ற கணக்கை ஆள்தான் போட வேணும்.

அம்மப்பா அதைக் கொப்பியில் போட்டார். பெற்றோல் அடித்த அன்று மைல் இலக்கத்தைக் குறிப்பார். கலனுக்கு முப்பது கட்டை என்று குறைத்தே கணக்கு; டாங்க் கொள்வது ஆறரைக் கலன். முள் பழுதென்று அவருக்கு நன்றாகத் தெரியும், திருத்தாமலே விட்டார். ஆனால் வேகமுள்ளின் கேபிளுக்கு வருசம் தவறாமல் கிறீஸ் போட்டார். வேகமுள் நடுங்கினால் கேபிள் காய்ந்திருக்கிறது அல்லது மடிந்திருக்கிறது. முள்ளும் மைல் இலக்கமும் சேர்ந்து நின்றால் கேபிள் அறுந்தது. இலக்கம் ஓட, முள் மட்டும் செத்தால் பழுது மேலே, மீற்றருக்குள். கேபிள் போனால் அவருடைய கொப்பியும் செத்துவிடும்.

2022இல் கியூஆர் அட்டையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று வந்தபோது, அந்தக் கொப்பியைத்தான் தேடி எடுத்தோம். கடைசிப் பக்கத்தில் மண்முனை ஓடப்பாதைக்குப் போய்வந்த கணக்கு இருந்தது. 2014இல் அங்கே பாலம் வந்துவிட்டது, இப்போது வாகனத்தை ஓடப்பாதையில் ஏற்றத் தேவையில்லை.

மைல் இலக்கம் ஐந்து தானம் மட்டும். 99,999 முடிந்தால் பூச்சியத்திலிருந்து தொடங்கும். எத்தனை தரம் அப்படிச் சுற்றியது என்று கொப்பியில் ஒரு மூலையில் மூன்று கோடு இழுத்திருந்தார். நாலாவது கோட்டுக்கு இன்னும் பதினோராயிரம் கட்டை கிடக்கிறது.