நிழலிலிருந்து பொருளை மீட்ட கணக்கு

2021 மார்ச் 20 ஆம் திகதி காலை, லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட தனியார் பஸ் வண்டியொன்று பசறை 13 ஆம் கட்டைப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காயமுற்றோர் பசறை, பதுளை வைத்தியசாலைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஊவாவின் மலைப்பாதைகளை அறிந்தவர்களுக்கு இத்தகைய செய்தி புதிதன்று.

தலையில் அடிபட்ட ஒருவர் வந்து சேர்ந்ததும் வைத்தியர் அறிய விரும்புவது, மண்டையோட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கின்றதா என்பதையே. சாதாரண எக்ஸ்றே படம் எலும்பின் வெடிப்பைக் காட்டும், கசிவைக் காட்டாது. அதற்குச் சி.ரி. ஸ்கான் வேண்டும். பதுளையில் அந்த வசதி இல்லாதிருந்த காலத்தில் நோயாளியைக் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பினார்கள். மடூல்சீமைத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து புறப்படுபவருக்கு அந்தப் பயணமே பாதி உயிரை எடுத்துவிடும். இன்று பதுளைப் போதனா வைத்தியசாலையிலேயே ஸ்கான் எடுக்கின்றார்கள்.

அந்தத் திரையில் தோன்றுவது புகைப்படமன்று. முழுக்க முழுக்கக் கணக்கிட்டு வரையப்பட்ட படம். அந்தக் கணக்கின் வரலாற்றில் சென்னையும் பெங்களூரும் உண்டு என்பதை நம்மவரில் பலர் அறியார்.

இரவில் தோட்டப் பாதையில் லொறியொன்று வருகின்றது. அதன் வெளிச்சத்தில் ஒரு மரத்தின் நிழல் லயத்துச் சுவரில் விழுகின்றது. அந்த ஒரு நிழலைக் கொண்டு மரத்தின் வடிவத்தைச் சொல்ல இயலாது. லொறி வளைவைச் சுற்றி வர, நிழலும் மாறிக்கொண்டே வரும். எல்லாத் திசைகளிலிருந்தும் விழுந்த நிழல்கள் கையிலிருந்தால் மரத்தை மீட்டுவிடலாம். அது இயலும் என்பதை ஒஸ்திரியக் கணிதவியலாளர் யோஹான் ராடோன் 1917 இலேயே நிறுவிவிட்டார். வைத்தியத்தை மனத்திற்கொண்டு அவர் அதைச் செய்யவில்லை.

ஒவ்வொரு நிழலையும் வந்த வழியே திருப்பிப் பூசினால் படம் கிடைக்கத்தான் செய்யும். ஆனால் ஹப்புத்தளை மூடுபனியில் தெரியும் மலையைப் போல, எல்லாவற்றையும் சுற்றி ஒரு மங்கல் படர்ந்திருக்கும். நீருக்குப் பூச்சியம், காற்றுக்கு மறை 1000 என்று வைத்த ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவுகோலில் மூளைத் திசு ஏறத்தாழ 30 முதல் 40 வரை. உறைந்த புது இரத்தம் 60 முதல் 80 வரை. இத்தனை சிறிய வேறுபாட்டை அந்த மங்கல் விழுங்கிவிடும். உயிர் தங்கியிருப்பது அந்த வேறுபாட்டில்.

இங்குதான் ஜி.என். இராமச்சந்திரன் வருகின்றார். 1922 இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெங்களூரில் சி.வி. இராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜ் சென்று திரும்பி, முப்பது வயதை எட்டும் வேளையில், 1952 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் பேராசிரியரானார். துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் இளைஞர் ஒருவரை நம்பித் துறையொன்றை ஒப்படைத்த காலம் அது. தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் புரதம் மூன்று இழை கொண்ட முறுக்கு என்பதை 1954 இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து எடுத்துரைத்தார். அவரது பெயரால் வழங்கும் 'இராமச்சந்திரன் வரைபடம்' 1963 இல் சென்னையிலிருந்து வெளிவந்தது. உயிர்வேதியியல் பயிலும் மாணவர் உலகின் எம்மூலையிலும் அதைக் கடக்காமல் போவதில்லை.

1968 இல் கேம்பிரிட்ஜில் டிரோசியரும் குளுக்கும் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்களிலிருந்து வைரசு ஒன்றின் வாலை முப்பரிமாணத்தில் மீட்டெடுத்தனர். அதற்கு அவர்கள் கையாண்ட ஃபூரியர் கணிதம், அக்காலக் கணினிகளுக்குப் பெரும் சுமை. சென்னையை விட்டு விலகிப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு மாறிய காலப்பகுதியில், இராமச்சந்திரன் ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து வேறொரு வழியைக் கண்டார். 'நிழலிலிருந்து பொருளை மீட்டல்' என்று பொருள்படும் தலைப்பில் 1971 இல் இந்திய அறிவியல் கழகத்தின் இதழில் அவர் எழுதிய கட்டுரையை, தலைப்பின் அழகுக்காகவேனும் நினைவிற் கொள்ளலாம். அதே ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் இருவரின் கட்டுரையும் வெளிவந்தது.

அவர்களது வழி எளிது. நிழலை அப்படியே திருப்பிப் பூசாமல், முதலில் அதைத் திருத்த வேண்டும். நிழலின் ஒவ்வொரு புள்ளியையும் கால் பங்கு எடையுடன் வைத்துக்கொண்டு, அதன் இருபுறமும் ஒற்றைப்படை இடங்களிலுள்ள அயற்புள்ளிகளில் ஒரு சிறு பங்கைக் கழிக்கிறார்கள். தூரம் கூடக்கூட, தூரத்தின் வர்க்கத்துக்கேற்ப அந்தக் கழிவு குறையும். இரட்டைப்படை இடங்களில் கழிவே இல்லை. இவ்வாறு திருத்திய நிழல்களைப் பூசினால், ஒன்றின் மங்கலை மற்றொன்றின் கழிவு அழித்துவிடும். ஃபூரியர் வழியை விட ஏறத்தாழ 30 மடங்கு விரைவு, துல்லியமும் அதிகம் என்று அவர்கள் எழுதினர். எக்ஸ்றே படத்துக்கும் இது பயன்படும் என்றும் குறிப்பிட்டனர்.

கட்டுரை வெளிவந்த மறுமாதம், 1971 ஒக்டோபர் முதலாம் திகதி, லண்டன் விம்பிள்டனிலுள்ள அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் கோட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரத்தில் முதல் நோயாளியின் தலை ஸ்கான் செய்யப்பட்டது. அவர் இந்தியர்களின் கணக்கைப் பயன்படுத்தவில்லை. ஆய்வுகூடத்தில் அவர் செய்த முதல் சோதனைக்கு ஒன்பது நாட்கள் அளவீடு. பின் 28,000 சமன்பாடுகளைத் தீர்க்கக் கணினிக்கு இரண்டரை மணித்தியாலம். வைத்தியசாலைகள் அவ்வாறு காத்திருக்க இயலாது. ஆதலால் எழுபதுகளிலேயே உற்பத்தியாளர்கள் திருத்திப் பூசும் முறைக்கு மாறினர். 'ராம்-லாக்' என்று இருவரின் பெயராலும் அழைக்கப்படும் வடிகட்டி அதன் அடித்தளமாயிற்று.

1979 இல் நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் அலன் கோர்மாக்குக்கும் சென்றது. இதைக் கொண்டு 'சி.ரி. ஸ்கானைக் கண்டுபிடித்தவர் நம்மவர், பரிசு பறிக்கப்பட்டது' என்று எழுதுவோர் உளர். அது மிகை. கோர்மாக்கின் கட்டுரைகள் 1963, 1964 ஆம் ஆண்டுகளுக்குரியவை. வானொலி வானியலுக்காகப் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967 இலேயே இத்தகைய முறையொன்றை வெளியிட்டுவிட்டனர். ஆயினும் பாடநூலிலும் மென்பொருளிலும் நிலைத்த வடிவம் இராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் தந்ததே. இவ்வளவு உண்மை போதாதா? எதற்குக் கூட்டிச் சொல்ல வேண்டும்?

அந்த வடிகட்டிக்கும் ஒரு குறையுண்டு. நுண்ணிய விவரங்களைத் தூக்கிக் காட்டும்போது இரைச்சலையும், அதாவது படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகளையும், சேர்த்தே தூக்கும். இரைச்சலைப் பாதியாக்கக் கதிர்வீச்சை நான்கு மடங்காக்க வேண்டும். பெரியவருக்கு அது ஒரு கவலையென்றால், குழந்தைக்கு அதைவிடப் பெரிய கவலை. ஷெப்பும் லோகனும் 1974 இல் அந்த வடிகட்டியைச் சற்று மென்மையாக்கினர். பின்னர் வந்தவை தகவமைப்பு முறைகள். தோள்பட்டையின் குறுக்கே நெடுந்தூரம் கடந்து களைத்துவரும் கதிர்களை மட்டும் இனங்கண்டு அவற்றையே மென்மையாக்கும், மற்றவற்றைத் தொடாது. 2008 அளவில் இரைச்சலின் புள்ளியியலைக் கணக்கில் கொண்டு படத்தைத் திரும்பத் திரும்பச் செம்மையாக்கும் முறைகள் சந்தைக்கு வந்தன. 2019 முதல் ஆழ்கற்றல் முறைகளுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குறைந்த கதிரில் தெளிந்த படம் என்பதே இவற்றின் வாக்குறுதி.

வாக்குறுதியை முழுதாக நம்பிவிடலாகாது என்பது என் எண்ணம். மணலைத் துடைக்கும் மென்பொருள், சில வேளை மணலளவே உள்ள கசிவையும் துடைத்துவிடக்கூடும். ஆகவேதான் புதிய முறையொன்று வரும்போதெல்லாம் பழைய திருத்திப் பூசும் முறையின் படத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுகின்றார்கள்.

இராமச்சந்திரன் 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார். ஸ்கான் எடுப்பவர் எலும்புக்கு ஒரு வடிகட்டியும் மூளைக்கு வேறொன்றும் தெரிவு செய்யும்போது, எலும்புக்குரியது ராம்-லாக்கின் கூர்மைக்கு நெருங்கியது. மூளைக்குரியது அதை மென்மையாக்கியது. பசறையிலிருந்து வந்தவரின் இரத்தக் கசிவைத் தேடுவது இந்த இரண்டாவதில்.